பழைய பெட்டியில் ஒரு தலைவர் கடிதம்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

பழைய காகிதத்தைப் பற்றி மளிகைக் கடைக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை வருவதற்கு முன்னால் நம் கடைகளில் சீரகமும் மிளகும் கடுகும் காகிதப் பொட்டலத்தில்தான் போயின. பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், அச்சாபீசில் கழித்த ஃபாரம், யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்ட கணக்கு நோட்டு, எல்லாம் கட்டுக் கட்டாக எடைக்கு வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழித்துக் கிழித்துப் பொட்டலம் மடிப்போம். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் அதில் ஒன்றிரண்டைப் படித்துப் பார்த்ததும் உண்டு. அந்தக் கட்டுகளுக்குள்ளே யார் யார் எழுதிய என்னென்ன கடிதங்கள் போயினவோ, இப்போது நினைத்து என்ன செய்வது?

அந்த நினைப்பு எனக்கு வரக் காரணம் சென்ற போகிக்கு இரண்டு நாள் முன்பு நடந்த ஒரு சம்பவம். குன்றாண்டார்கோவிலில் என் கடைக்கு ஒரு நண்பர் வந்தார். அவர் பாட்டனார் காலத்தில் கீரனூர்ப் பக்கம் கடலை மண்டி வைத்திருந்த குடும்பம். போகிக்காக வீட்டை ஒழித்தபோது பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்ததாம். உள்ளே நாலைந்து நாள்வழிக் கணக்குகள், சில ரசீதுகள், மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கடிதம். கடிதத்தை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. டவுன்லேருந்து ஒருத்தர் வந்து ஐயாயிரம் தர்றேன்னு நிக்கிறாரு. குடுத்திடலாமா?”

சுதந்திரத்துக்குச் சற்று முந்திய தேதி. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு வரி. நன்கொடைக்கு நன்றி தெரிவிக்கும் கடிதம். கீழே தமிழ்நாடே அறிந்த ஒரு தலைவரின் கையெழுத்து. அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

“தம்பி, ஒரு வாரம் பொறு. அவசரப்பட்டுக் கை நீட்டிடாதே” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன். நம்மில் பலருடைய பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும்.

உலகச் சந்தையில் என்ன விலை?

தலைவர்களின் கையெழுத்திட்ட கடிதங்களை வாங்கி விற்பது வெளிநாடுகளில் ஒரு முழுநேர வியாபாரம். அதற்கென்று கடைகள், ஏல நிறுவனங்கள், விலைப்பட்டியல்கள் எல்லாம் உண்டு. நம் தலைவர்களில் அந்தச் சந்தையில் அதிகம் அடிபடும் பெயர் காந்தியடிகளுடையது.

2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராப் கலெக்‌ஷன் என்ற நிறுவனம் காந்தியடிகளின் கடிதம் ஒன்றை விற்பனைக்கு வைத்தது. 1926 ஏப்ரல் 6-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து மில்டன் நியூபெரி ஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பெரியவருக்கு எழுதியது. ஏசுநாதர் மனித குலத்தின் மிகப் பெரிய போதகர்களில் ஒருவர் என்ற தம் கருத்தை அதில் அவர் தெரிவித்திருந்தார். தட்டச்சு செய்த சிறிய கடிதம்தான். கேட்ட விலை 50,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 32 லட்சம் ரூபாய்.

அதற்கு முன்பே 2007-ல் இன்னொரு செய்தி வந்தது. சுவிட்சர்லாந்தில் ஆல்பின் ஷ்ராம் என்பவர் உலகப் பெரியவர்களின் கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு பார்த்தால், அத்தனையும் வீட்டில் துணி துவைக்கும் அறையிலிருந்த ஓர் அலமாரியில் கிடந்தன. லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, காந்தியடிகள் மறைவதற்கு 19 நாள் முன்பு ‘ஹரிஜன்’ இதழுக்காக எழுதிய கையெழுத்துப் பிரதியும் அதில் இருந்தது. நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஓர் உருப்படி ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு இந்திய அரசின் கைக்கு வந்தது.

2012-ல் நடந்தது இன்னும் பெரியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளுக்கு உற்ற நண்பராக இருந்த கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக். டால்ஸ்டாய் பண்ணைக்காக 1910-ல் 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் அவர். இருவருக்கும் இடையில் ஓடிய கடிதங்களும் பிற ஆவணங்களும் காலன்பாக் குடும்பத்தாரிடம் இருந்தன. லண்டனில் சதபீஸ் நிறுவனம் அவற்றை ஏலம் விட இருந்த நேரத்தில், இந்திய அரசு பேசி முடித்துத் தொகுப்பு முழுவதையும் சுமார் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்று அவை டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இந்த விலைகளைப் பார்த்து நம் வீட்டுக் கடிதமும் லட்சத்தில் போகும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. அரிசி என்றால் எல்லா அரிசியும் ஒரே விலையா? யார் எழுதியது, யாருக்கு எழுதியது, என்ன விஷயம், எந்தச் சமயம், கையால் எழுதியதா தட்டச்சா, தாள் எந்த நிலையில் இருக்கிறது, இத்தனை நாள் யார் வசம் இருந்தது, இவ்வளவையும் பார்த்துத்தான் விலை. ஒரே தலைவரின் ஒரே கையெழுத்துக்கு, நாட்டு நடப்பைச் சொல்லும் கடிதத்தில் ஒரு விலை, “தங்கள் வாழ்த்து கிடைத்தது, நன்றி” என்ற கடிதத்தில் வேறு விலை.

காந்தியடிகளே வைத்த விலை

தம் கையெழுத்துக்குக் காந்தியடிகள் தாமே ஒரு விலை வைத்தவர் என்பது பலருக்கு மறந்திருக்கும். வணிகர் குலத்தில் பிறந்தவர் அல்லவா! கையெழுத்து வேண்டும் என்று நோட்டை நீட்டியவர்களிடம் அரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போட்டுக் கொடுத்தார். கூட்டங்களில் தமக்குக் கொடுத்த வரவேற்புப் பத்திரத்தையும் வெள்ளிப் பேழையையும் அதே மேடையில் ஏலம் விட்டு, வந்த பணத்தை நிதியில் சேர்த்தார். பாராட்டு மடல் ஏலம் போவதில் அவருக்கு வெட்கம் இல்லை. பணம் எந்தக் கணக்கில் சேருகிறது என்பதில்தான் அவர் கண்டிப்பு.

1927 செப்டம்பரில் கதர் நிதிக்காக அவர் நம் புதுக்கோட்டைக்கும் செட்டிநாட்டு ஊர்களுக்கும் வந்தார். நிதி கொடுத்தவர்களில் வியாபாரிகள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் “கதர் நிதிக்கு” என்று ஒரு வரி பற்று எழுதியிருப்பார்கள். அந்த நோட்டுகளில் இன்று எத்தனை மிச்சம்?

347 ரூபாய் 12 அணா

ஒரு கடிதம் என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வணிகர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 10 லட்ச ரூபாய் மூலதனம். 1908-ல் வெள்ளையர் அரசு அவரைச் சிறையில் தள்ளியது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு குடியேறி, மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. ஆம், நம் தொழில்தான்.

அவருடைய கஷ்டத்தைக் கேள்விப்பட்டுத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டிக் காந்தியடிகள் வசம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். அப்போது இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பணம் கிடைத்ததா என்று காந்தியடிகள் கேட்க, கிடைக்கவில்லை என்று வ.உ.சி. எழுதினார். கொடுத்தவர்கள் யார், தொகை எவ்வளவு என்று தேடிச் சரிபார்ப்பதில் மாதங்கள் ஓடின. இங்கே வ.உ.சி. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். கடைசியில் 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா.

இந்தப் பணத்தைப் பற்றி நெடுங்காலம் பலவிதமான பேச்சுகள் உலவின. பெரிய தொகை என்றார்கள். போய்ச் சேரவே இல்லை என்றும் சொன்னார்கள். இரண்டு பெரியவர்களின் பேருக்கும் பங்கம் வரக்கூடிய பேச்சு அது. கடிதங்கள் தப்பிப் பிழைத்திருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. அவற்றைத் தேடிச் சேர்த்த வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 2021-ல் ஒரு நூலே எழுதினார். நூலின் பெயரிலேயே அந்த 347 ரூபாய் 12 அணா இருக்கிறது.

நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு கொடுக்கல் வாங்கல் அணா சுத்தமாகத் தீர்ந்தது எதனால்? கையெழுத்து அழகாக இருந்ததாலா? கேள்வியும் பதிலும் தேதியோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்ததால். அந்த வரிசையில் ஒரு கடிதத்தை யாரோ கண்ணாடி போட்டு மாட்ட வாங்கிப் போயிருந்தால், இன்னொன்றில் யாரோ பெருங்காயம் மடித்திருந்தால், வதந்திதான் வரலாறாக நின்றிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1936-ல் வ.உ.சி. மறைவதற்கு முன் எழுதிய உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தர வேண்டிய பாக்கியையும் மறக்காமல் எழுதி வைத்தார். ஒரு கப்பல் கம்பெனியை நடத்தியவர், கடைப் பாக்கியை எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். கடன் கொடுத்து அலுத்த நம் போன்றவர்களுக்கு அந்தத் தாளின் அருமை சொல்லாமலே புரியும்.

நம் பக்கத்துக் கடிதங்கள்

நம் மாவட்டத்தின் திருமயத்தில் 1887-ல் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1939-ல் சென்னை மேயராகி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தவர். சிறையிலிருந்து தம் மகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தமிழில் நூலாக வந்தன. மற்றத் தலைவர்களுக்கும் அவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டது. வீட்டார் பத்திரமாக வைத்திருந்ததால் 1943-ல் மறைந்தவரின் குரல் இன்றும் கேட்கிறது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கழித்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். நாம் பொட்டலம் மடித்த காகிதத்தை ஒரு மனிதர் சேர்த்து வைத்தார். இன்று உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடிதத்தை விற்க நினைப்பவர் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். சிலை போன்றவற்றுக்கு 100 ஆண்டு ஆனால்தான் அது தொல்பொருள். சரித்திர மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம், கடிதம் ஆகியவற்றுக்கு 75 ஆண்டு போதும். காந்தியடிகள் 1948 ஜனவரி 30-ல் மறைந்தார். ஆகவே அவர் எழுதிய கடிதம் ஒவ்வொன்றும் 2023-லேயே இந்த வரம்பைத் தாண்டிவிட்டது. மற்றத் தலைவர்களின் 1950-க்கு முந்திய கடிதங்களுக்கும் இதே கதைதான். ஆண்டு ஏற ஏற அடுத்தடுத்த கடிதங்களும் இந்த வரிசையில் சேரும்.

தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. வெளிநாட்டில் நல்ல விலை என்று யாராவது ஆசை காட்டித் தபாலில் அனுப்பச் சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். வெளிநாட்டில் ஏலம் போகும் காந்தி கடிதங்களில் பல அங்கே இருப்பவர்களுக்கே எழுதப்பட்டவை. நம் பரணில் இருப்பதன் கதை வேறு. உள்நாட்டிலும் தொல்பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வீட்டு வாசலுக்கு வரும் தரகரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, காகிதம் வேறு, எழுத்து வேறு. கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம். அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும், அவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை சொந்தம். காந்தியடிகளின் எழுத்துக்கு 2008-ஆம் ஆண்டு முடிவோடு அந்த உரிமை முடிந்தது. 1975-ல் மறைந்த காமராஜரின் கடிதம் உங்களிடம் இருந்தால் தாள் உங்களுடையது. அதைப் புத்தகமாக அச்சிடும் உரிமை உங்களுடையதாகாது.

மூன்றாவது, தாளில் அரசு அலுவலகக் கோப்பு எண்ணோ முத்திரையோ இருந்தால் அது ஏதாவது அலுவலகக் கோப்பிலிருந்து வெளியேறியதாக இருக்கலாம். அதை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

நான்காவது, பாகப்பிரிவினை. பாட்டனார் பெட்டியில் இருந்த பொருள் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பாத்தியம். ஒருவர் மட்டும் விற்றுவிட்டுப் பிறகு பங்காளிச் சண்டை வந்தால், கடிதத்தின் விலையை வக்கீல் ஃபீசே விழுங்கிவிடும்.

அசலா, அச்சா?

வெல்லத்தை நாக்கில் வைத்து, மிளகை விரலில் நசுக்கிப் பார்க்கும் நமக்குக் காகிதத்தைப் பார்ப்பதும் பழக்கத்தில் வந்துவிடும்.

முதலில் ஒரு பூதக்கண்ணாடியால் கையெழுத்தைப் பாருங்கள். பேனாவால் போட்டதென்றால் மை ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை தேங்கியிருக்கும். பிளாக் செய்து அச்சடித்ததென்றால் முழுவதும் ஒரே சீராக இருக்கும், அல்லது புள்ளி புள்ளியாகத் தெரியும். ரப்பர் முத்திரை என்றால் ஓரம் மட்டும் தடித்திருக்கும். பெரிய தலைவர்களுக்குத் தினமும் கட்டுக் கட்டாகக் கடிதம் வரும். நன்றிக் கடிதத்தை மொத்தமாக அச்சடித்து, பெயரை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவது சாதாரண வழக்கம். செயலாளரே கையெழுத்துப் போட்டு அனுப்புவதும் உண்டு.

அடுத்து, தேதியும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பின்கோடு எண் 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. 1955 என்று தேதி போட்ட தாளில் ஆறு இலக்கப் பின்கோடு அச்சாகியிருந்தால் அது போலி. தமிழ்நாடு என்ற பெயர் மாநிலத்துக்கு 1969 ஜனவரி 14-ல் வந்தது. 1962-ஆம் ஆண்டுக் கடிதத்தின் தலைப்பில் ‘தமிழ்நாடு அரசு’ என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நயா பைசா 1957 ஏப்ரல் 1-ல் வந்தது; அதற்கு முந்திய தபால்தலையில் அணாதான் இருக்கும். பால்பாயின்ட் பேனா 1940-களின் நடுவில்தான் உலகச் சந்தைக்கு வந்தது. 1930-ஆம் ஆண்டுக் கடிதத்தில் அந்த மை இருக்க வழியில்லை.

தமிழில் அச்சிட்ட, தட்டச்சு செய்த கடிதத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. ணை, லை, ளை, னை, றா, ணா, னா ஆகிய எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978-ல் அரசு ஆணையால் வந்தது. பெரியார் மட்டும் 1935 முதலே தம் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். பெரியார் இயக்கத்தார் தாளில் தவிர வேறு எங்காவது 1950-ஆம் ஆண்டுத் தேதியோடு இன்றைய ‘லை’யும் ‘னை’யும் நின்றால், அது பிற்காலத்துக் கைவேலை.

கடைசியாக வரலாறு. சரக்கை யாரிடம் கொள்முதல் செய்தோம் என்பதற்குப் பில் கேட்கிறோம் அல்லவா? கடிதத்துக்கும் அதுதான் உயிர். யாருக்கு வந்தது, எதற்காக வந்தது, அவரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று சங்கிலி அறாமல் சொல்ல முடிந்தால் மதிப்பு இரட்டிக்கும். தபால் உறை இருந்தால் தூக்கி எறியாதீர்கள். முத்திரையில் ஊரும் தேதியும் சாட்சி சொல்லும்.

கெடாமல் வைப்பது எப்படி?

நல்லது செய்வதாக நினைத்து நாம் செய்யும் கெடுதல்தான் அதிகம். லாமினேஷன் செய்யக் கூடாது. பிறகு அந்தத் தாளைத் திரும்ப எடுக்க முடியாது. செல்லோ டேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் துருப்பிடிக்கும். கண்ணாடி போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுத்துப் போகும். எண்ணெய், வெல்லம், மாவு வாசனை உள்ள கிடங்கில் வைத்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வந்து சேரும்.

மடிப்பை மெதுவாக நீவி, சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கையாக, ஈரமில்லாத பீரோவில் வையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் கடிதத்தின் மேல் எழுதாமல் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். கைபேசியில் முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

விற்க விருப்பமில்லை, வீட்டிலும் பாதுகாக்க முடியாது என்றால், கொடுத்து வைக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்றுக்கொள்கிறது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் நாம் முன்னே சொன்ன நூலகம், நம் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகமும் ஞானாலயா ஆய்வு நூலகமும் இருக்கின்றன. கொடுக்கும்போது எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கொரு நகல் வைத்துக்கொள்வதும் நம் வழக்கம்தானே.

தகரப்பெட்டியின் முடிவு

ஒரு வாரம் கழித்து நண்பர் வந்தார். இருவரும் சேர்ந்து பூதக்கண்ணாடி வைத்துக் கடிதத்தைப் பார்த்தோம். கையெழுத்து முழுவதும் ஒரே சீரான கறுப்பு. ஒரு வளைவில் கூட மை தேங்கவில்லை. வாசகமும் அச்சு, பாட்டனார் பெயர் மட்டும் தட்டச்சில் தனியாக அடித்திருந்தது. மொத்தமாக அனுப்பிய நன்றிக் கடிதம் அது.

நண்பர் முகம் வாடிவிட்டது. “அப்போ அந்த ஆளு எதுக்கு அண்ணே ஐயாயிரம் தர்றேன்னாரு?” என்றார். தரகருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தே இன்னொருவர் தலையில் லட்சத்துக்குக் கட்ட நினைத்திருக்கவும் கூடும். அப்படி நடந்து, ஒருநாள் விஷயம் வெளியே வந்தால், “குன்றாண்டார்கோவில்காரர் குடும்பத்தில் வாங்கியது” என்றுதானே பேச்சு வரும்? மூன்று தலைமுறை தராசு பிடித்த குடும்பத்தின் பேர் ஐயாயிரத்துக்குப் போயிருக்கும்.

பெட்டியில் இருந்த மற்றதைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றையும் பழைய பேப்பர் விலைக்கு எடுத்துக்கொள்வதாகத் தரகர் சொல்லியிருந்தாராம். நாள்வழியைப் புரட்டினோம். கடிதத்தின் தேதிக்கு முந்திய மாதத்தில் ஒரு பக்கம் முழுக்க வசூல் கணக்கு. கடை கடையாகப் பெயர், அதற்கு நேராக ரூபாய், அணா, பைசா. ஐந்து ரூபாய் கொடுத்த மண்டியும் உண்டு, நாலணா கொடுத்த வெற்றிலைக் கடையும் உண்டு. கீழே மொத்தம் கூட்டி, மணியார்டர் கமிஷனையும் தனியே பற்று எழுதியிருந்தது. அந்தப் பெயர்களில் பாதிக் குடும்பங்கள் இன்றும் நம் பக்கத்தில் கடை வைத்திருக்கின்றன. அவர்கள் யாருக்கும் தம் பாட்டனார் அன்று கொடுத்தது தெரியாது.

அந்தப் பக்கத்தின் கீழே பாட்டனார் தம் கையெழுத்தைப் போட்டிருந்தார். அது பிளாக் அச்சு இல்லை. மை தேங்கிய இடத்தில் விரலை வைத்தால் தடவலில் தெரிந்தது.

நம் ஊர்க் குடைவரைக் கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் படிக்க முடிகிறதென்றால் அது பாறை. நம் முன்னோர் கணக்கெழுதியது காகிதத்தில். அதைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம்.

நண்பர் கடிதத்தையும் நாள்வழியையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கங்களைப் படம் எடுத்து, அதில் பெயர் கண்ட குடும்பங்களுக்கெல்லாம் ஒவ்வொரு நகல் கொடுத்துவருகிறார். நகல் வாங்கிய ஒரு பெரியவர், நாலணா என்று தம் தகப்பனார் பெயருக்கு நேரே இருந்ததை மூன்று முறை தடவிப் பார்த்தாராம்.

வணிகப் பெருமக்களே, அடுத்த போகிக்குப் பெட்டியை ஒழிக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள். விற்பதானாலும் விவரம் தெரிந்து விற்போம்.